கொலை என்ற ஒரு சொல்

நம்முடைய கதைகளில் நடக்கும் கொலைகளைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. கொலைகள் அதிகமாகிவிட்டன என்பதல்ல என் குறை. எல்லாக் கொலையும் ஒரே கொலையாக இருக்கிறது என்பதுதான். வரப்புத் தகராறில் மண்வெட்டியை ஓங்கியவன், சொத்துக்காகப் பாலில் விஷம் கலந்தவன், குடிவெறியில் மனைவியை உதைத்தவன், தப்பி ஓட வழியில்லாமல் எதிரியைக் குத்தியவன் எல்லோரும் கடைசி அத்தியாயத்தில் ஒரே சொல்லுக்குள் வந்து அடங்கிவிடுகிறார்கள். ஆசிரியரிடம் இரண்டே பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று 'பாவி', மற்றொன்று 'பாவம், அவன்தான் என்ன செய்வான்?'. யாரை எந்தப் பெட்டியில் போடுவது என்பது, அவன் கதாநாயகனா இல்லையா என்பதைப் பொறுத்தது.

நான் சட்டம் படித்தவனல்ல. ஆனால் கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது படித்துப் பார்க்க வேண்டிய புத்தகம் இந்திய தண்டனைச் சட்டம் என்பது என் அபிப்பிராயம். அதைப் பயனுக்காகப் படிப்பது வக்கீல்களின் வேலை. நான் சொல்வது வசனத்துக்காகவும் பாத்திரங்களுக்காகவும் படிப்பதை. விமர்சனம் எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டு ஒரு சட்டப் புத்தகத்தை மேஜைமேல் வைப்பதைப் பார்த்து வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இது உண்மையிலேயே ஓர் இலக்கிய விமர்சனந்தான்.

இந்தச் சட்டத்தின் நகலைத் தயாரித்த கமிஷனுக்குத் தலைவராக இருந்தவர் மெக்காலே. 1837-ல் நகல் முடிந்தது. அது சட்டமானது 1860-ல்; அமலுக்கு வந்தது 1862 ஜனவரி முதல் தேதி. அதைப் பார்க்க மெக்காலே இல்லை. 1859 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். அந்த மனிதர் நம்மையும் நம் நூல்களையும் பற்றிச் சொன்ன மற்ற விஷயங்களுக்காக அவர்மேல் நமக்குக் கோபம் உண்டு. அது நியாயமான கோபம். ஆனால் இந்த ஒரு புத்தகத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைக் கதாசிரியன் என்ற முறையில் நான் மெச்சுகிறேன். ஒவ்வொரு விதியையும் சொல்லிவிட்டு, அதன் கீழே உதாரணம் என்ற பெயரில் குட்டிக் கதைகளை வைத்தார். ஏ, பி, இசட் என்று பெயர் கொண்ட பாத்திரங்கள். அவர்களுக்கு ஊர் இல்லை, உருவம் இல்லை. இரண்டு வாக்கியம் முடிவதற்குள் ஒருவன் உயிர் போயிருக்கும்; இன்னொருவன் என்ன குற்றவாளி என்பது முடிவாகியிருக்கும்.

ஒரு கதையைக் கேளுங்கள். ஒருவன் அடுத்தவனுடைய கோழியைச் சுட்டுத் திருட நினைக்கிறான். குறி தவறி, புதருக்குப் பின்னால் இருந்த ஒரு மனிதன் இறந்துபோகிறான். அங்கே ஆள் இருப்பது சுட்டவனுக்குத் தெரியாது. இது கொலையா? பழைய ஆங்கிலேயச் சட்டப் பண்டிதர்கள், கொலைதான் என்றார்கள். திருட்டு என்ற பெருங்குற்றத்தைச் செய்யப் போனான், போன இடத்தில் உயிர் போயிற்று, ஆகவே கொலைகாரன். இந்திய தண்டனைச் சட்டம், இல்லை என்றது. கோழியைத் திருட நினைத்ததற்கு என்ன உண்டோ அதைக் கொடு. மனிதனைக் கொல்ல அவன் நினைக்கவும் இல்லை, அப்படி நேரும் என்று அறியவும் இல்லை. இங்கிலாந்து அந்தப் பழைய கொள்கையைக் கைவிடுவதற்கு 1957 ஆயிற்று. ஒரு கோழி, ஒரு புதர், ஒரு துப்பாக்கி. இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு நீண்ட மரபையே மறுத்துவிட்ட கதையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அதே புதர் இன்னொரு கதையிலும் வருகிறது. புதருக்குப் பின்னால் ஒருவன் இருப்பது முதல் ஆளுக்குத் தெரியும், இரண்டாமவனுக்குத் தெரியாது. முதலாமவன், "அந்தப் புதரைச் சுடு பார்ப்போம்" என்று தூண்டுகிறான். இரண்டாமவன் சுடுகிறான். சுட்டவன் குற்றமற்றவனாக இருக்கலாம். சுடச் சொன்னவனே உயிரைப் போக்கிய குற்றவாளி. கையை விட்டுவிட்டு மனத்தைப் பிடித்துக்கொள்ளும் இந்தப் பார்வைதான் சட்டத்தின் இந்த அத்தியாயம் முழுவதையும் தாங்கி நிற்கிறது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம்முடைய பழைய காவியத்துக்குப் போனால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. கோவலனைக் கொன்றது யார்? வாளை வீசியவன் குடிமயக்கத்தில் இருந்த ஒரு காவலன். ஆனால் இளங்கோ அவனுக்கு ஒரு பெயர்கூடக் கொடுக்கவில்லை. மற்றக் காவலர்கள், இவனைப் பார்த்தால் கள்ளனாகத் தோன்றவில்லையே என்று தயங்கும்போது, கள்வர்களின் தந்திரங்களைப் பற்றி நீளமாகப் பேசி அவர்கள் வாயை அடைக்கிறவன் பொற்கொல்லன். சிலம்பு எங்கே போயிற்று என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். புதருக்குப் பின்னால் ஆள் இருப்பதை அறிந்து, சுடு என்றவன் அவன். பாண்டியன் விஷயம் இன்னும் நுட்பமானது. நல்லெண்ணத்துடன் தீர்ப்புச் சொன்ன நீதிபதியைச் சட்டம் தண்டிப்பதில்லை. ஆனால் நல்லெண்ணம் என்றால் என்ன என்பதற்கும் அதே புத்தகத்தில் விளக்கம் இருக்கிறது. உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்துடன் செய்ததாகாது. ஊடியிருந்த தேவியைச் சமாதானம் செய்ய அந்தப்புரம் போகிற அவசரத்தில், விசாரிக்காமல் ஓர் உத்தரவைப் போட்டுவிட்டுப் போனவன் பாண்டியன். அவன் உரிய கவனம் எடுத்துக்கொண்டான் என்று எந்த வக்கீலும் வாதாட முடியாது. வாதாட அவனும் காத்திருக்கவில்லை. தன் குற்றத்தைத் தானே வகைப்படுத்தி, தண்டனையையும் தானே கொடுத்துக்கொண்டுவிட்டான். வாள், சொல், உத்தரவு என்று மூவருடைய பங்கையும் பிரித்துக் காட்டிய கவிஞனின் வழியில் வந்த நாம், இன்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

மூட்டை கட்டுவதற்கும் நம்மிடம் பழைய உதாரணம் இருக்கிறது. திருவாரூரில் தேர்க்காலில் கன்று வந்து விழுந்தது. இளவரசன் அதைக் கொல்ல நினைத்தவனல்ல. இன்றைய கச்சேரியில் இது, மிஞ்சினால், அஜாக்கிரதை. மனுநீதிச் சோழன் அதற்கு மரணத்தை விதித்தான். அவன் பெருமையை நான் குறைக்க வரவில்லை. பசுவின் கண்ணீரைத் தன் மகனின் உயிருக்குச் சமமாக வைத்த நெஞ்சு பெரிய நெஞ்சுதான். ஆனால் தேரை மகன்மேல் ஓட்டு என்ற கட்டளையைக் கேட்ட மந்திரி, தன் உயிரை விட்டானே தவிரத் தேரை ஓட்டவில்லை என்று பெரியபுராணம் சொல்கிறது. சட்டம் படிக்காத அந்த மந்திரிக்கு, நேர்ந்துவிட்டதற்கும் செய்ததற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இனி, சட்டம் போட்ட கோடுகளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். உயிரைப் போக்கும் குற்றம் என்பது பெரிய வட்டம். அதற்குள்ளே கொலை என்பது சிறிய வட்டம். பழைய சட்டத்தில் முதலாவது 299-வது பிரிவு, இரண்டாவது 300-வது பிரிவு. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 100, 101 என்று எண் மாறியிருக்கின்றன, வட்டங்கள் மாறவில்லை. கொல்லவே நினைத்தானா, மரணம் நேரக்கூடிய காயத்தை உண்டாக்க நினைத்தானா, ஒன்றும் நினைக்காவிட்டாலும் நேரக்கூடும் என்று அறிந்திருந்தானா என்று சட்டம் கேட்டுக்கொண்டே போகிறது. 'மரணம் நேரக்கூடிய' காயம் பெரிய வட்டத்தோடு நின்றுவிடும். 'இயற்கையான போக்கில் மரணத்தை உண்டாக்கப் போதுமான' காயம் சிறிய வட்டத்துக்குள் போய்விடும். இந்த இரண்டு சொற்றொடருக்கும் நடுவில் தூக்குமேடை நிற்கிறது.

1876-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்றுண்டு. பதினெட்டு வயதுக் கணவன் பதினைந்து வயது மனைவியை உதைத்துக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை வைத்து, முகத்தில் இரண்டு மூன்று குத்துக் குத்தினான். மூளையில் ரத்தம் கசிந்து அவள் இறந்தாள். நீதிபதி மெல்வில், இது கொலை அல்ல, பெரிய வட்டத்தோடு நிற்கும் குற்றம் என்றார். கொல்லும் எண்ணம் இல்லை. அந்தக் காயமும் சாதாரணமாக உயிரைப் போக்கப் போதுமானதல்ல என்பது காரணம். இதோடு 1958-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பஞ்சாப் வழக்கை வைத்துப் பாருங்கள். வயிற்றில் ஈட்டியால் ஒரே ஒரு குத்து. கொல்ல நினைத்தானோ இல்லையோ, அந்தக் காயத்தை உண்டாக்க நினைத்தான். அந்தக் காயம் மரணத்துக்குப் போதுமானது. ஆகவே கொலை என்றார் நீதிபதி விவியன் போஸ். மூன்று குத்து கொலையாகவில்லை, ஒரு குத்து கொலையாயிற்று. எண்ணிக்கையில் அல்ல, எண்ணத்தில் இருக்கிறது விஷயம். பதினைந்து வயதுப் பெண்ணின் உயிர் அந்தக் கணக்கில் மலிவாகப் போயிற்றோ என்ற உறுத்தல் எனக்கு இன்றும் உண்டு. ஆனாலும் அந்த நீதிபதி கண்ணை மூடிக்கொண்டு தீர்த்தார் என்று நான் சொல்ல மாட்டேன்.

எல்லாவற்றையும்விட என் தூக்கத்தைக் கெடுத்த தீர்ப்பு நம் சென்னை உயர் நீதிமன்றத்தினுடையது. 1919-ல் முழு அமர்வு சொன்னது. ஒருவன் கலப்பைக் கொழுவால் மனைவியை அடித்தான். அவள் நினைவிழந்து விழுந்தாள். செத்துவிட்டாள் என்று நம்பினான். தானே தூக்குப் போட்டுக்கொண்டது போலத் தோன்றட்டும் என்று, அவளைக் கயிற்றில் தொங்கவிட்டான். அவள் இறந்தது அடியால் அல்ல, தொங்கவிட்டதால். இப்போது சொல்லுங்கள். அடித்தபோது கொல்லும் எண்ணம் நிரூபணமாகவில்லை. தொங்கவிட்டபோது அவன் மனத்தில் இருந்தது பிணம். பிணத்தைக் கொல்ல யாராலும் முடியாது. ஆகவே இரண்டு செயலிலும் கொலை இல்லை, கொடுங்காயம் உண்டாக்கிய குற்றந்தான் உண்டு என்பது நீதிபதிகள் கண்ட முடிவு. முதல் அடியிலேயே கொல்லும் எண்ணம் இருந்திருந்தால் முடிவு வேறு என்பதைப் பின்னால் வந்த தீர்ப்புகள் தெளிவாக்கின.

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் ஒரு நாவலாசிரியன் இந்த இடத்தில் நின்றுவிட முடியாது. நாடி பார்க்காத அந்தக் கணவனைப் பற்றி அவன் யோசிக்க வேண்டும். செத்துவிட்டாளா என்று குனிந்து பார்க்க ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷத்தை அவன் கயிறு தேடுவதில் செலவழித்தான். சட்டம் அவன் நம்பிக்கையைக் கேட்டது. அவன் ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்பினான் என்று கேட்க அதற்கு இடமில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் தொழில் ஆரம்பமாகிறது. ஆனால் சட்டம் எங்கே நின்றது என்று தெரியாதவன், எங்கே ஆரம்பிப்பது என்று எப்படி அறிவான்?

கோபத்தைப் பற்றிச் சட்டம் எழுதிய பகுதியில்தான் எனக்குச் சண்டை. கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டலால் தன்வசம் இழந்தவன் உயிரைப் போக்கினால் அது கொலை என்ற படியிலிருந்து இறங்கிவிடும். 'திடீர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியின் காதலனைச் சுட்டார். ஜூரிகள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் குற்றமற்றவர் என்றார்கள். அந்த முடிவை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 1961-ல் உச்ச நீதிமன்றம் கடிகாரத்தைப் பார்த்தது. பகல் ஒன்றரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினார். சுட்டது நாலு இருபதுக்கு. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், சூடு ஆறியிருக்க வேண்டும், ஆகவே கொலை. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கிக்கொண்டு வந்தவருக்குத் திடீர் ஆத்திரம் என்று சொல்வது மொழிக்கே பொருந்தாது.

ஆனால் கடிகாரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடுகிறதா? வாட்டசாட்டமான ஆணுக்குக் கோபம் வந்தால் கை உடனே எழும். பத்து வருஷம் அடி வாங்கியவளுக்குக் கோபம் வந்தால் கை எழாது. எழுந்தால் அடுத்த அடி விழும் என்று அவளுக்குத் தெரியும். அவள் கோபம் நெருப்பாக எரிவதில்லை, உமியாகக் கனன்றுகொண்டிருக்கிறது. திடீர் என்ற ஒரு சொல், நூற்றாண்டுக்கு மேலாக, ஓர் உடம்பின் கோபத்தை மன்னித்து மற்றோர் உடம்பின் கோபத்தைத் தண்டித்தது. இங்கிலாந்தில் 2009-ல் செய்த சட்டம், நிதானம் இழப்பது திடீரென்று நேர்ந்திருக்க வேண்டியதில்லை என்று எழுதிவைத்தது. நம்முடைய புதிய சட்டத்தில் பழைய 'திடீர்' அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் சட்டத்துக்குக் கை கொடுத்தது எது தெரியுமா? நம் பாட்டிகள் சொன்ன கதை. பஞ்சத்துக்குப் பயந்து ஏழு குழந்தைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணி மூளி அலங்காரி செய்த கொடுமை தாங்காமல், குழந்தைகளைக் கிணற்றில் எறிந்துவிட்டுத் தானும் விழுந்த நல்லதங்காளை அறியாத தமிழர் உண்டா? 1989-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு தாயின் வழக்கு வந்தது. குழந்தைகளோடு கிணற்றில் குதித்தவள், அவள் பிழைத்துவிட்டாள். பிரிவின் எழுத்துப்படி அவள் கொலைகாரி. நீதிமன்றம் நல்லதங்காளின் பெயரைச் சொல்லி யோசித்தது. திடீர் ஆத்திரமூட்டல் மட்டும் அல்ல, நாள்பட நீடித்த ஆத்திரமூட்டலும் உண்டு என்று ஏற்றுக்கொண்டு, கொலை என்ற வட்டத்துக்கு வெளியே அவளை நிறுத்தியது. 'நல்லதங்காள்' என்ற பெயர் அதன்பின் வந்த தீர்ப்புகளிலும், வேறு மாநிலத்து நீதிமன்றத்திலும்கூட, ஒரு சட்டச் சொல்லாக நடமாடியது.

இதைப் படித்தபோது நான் பெருமைப்பட்டேன், அடுத்தபடியாக வெட்கப்பட்டேன். தெருக்கூத்தும் பெரிய எழுத்துப் புத்தகமும் காப்பாற்றி வைத்திருந்த ஒரு மனத்தை நீதிபதி அடையாளம் கண்டுகொண்டார். அச்சில் வரும் நம் சமூக நாவல்களில் அப்படி ஒரு பாத்திரத்தை எத்தனை பேர் படைத்திருக்கிறோம்? நல்லதங்காள் கதை அவளைப் பாவி என்றும் சொல்வதில்லை, குற்றமற்றவள் என்றும் சொல்வதில்லை. தப்பி ஓடும் மூத்த பிள்ளையை அவள் பிடித்திழுக்கும் இடத்தைச் சொல்பவர்கள் மறைத்ததே இல்லை. அந்த இடத்தில் கேட்கிறவர்கள் அழுவது அவளுக்காக மட்டும் அல்ல, அந்தப் பிள்ளைக்காகவும்தான். இரண்டு கண்ணீரையும் ஒருங்கே வரவழைக்கும் அந்தத் திறமைக்குத்தான் நான் வகைப்படுத்தல் என்று பெயர் சொல்கிறேன்.

சட்டத்தின் வகைகள் சில இடங்களில் சிரிப்பையும் உண்டாக்குகின்றன. கொடுங்காயம் என்பதற்கு எட்டு இனங்கள் உண்டு. கண் போனால், காது போனால், எலும்பு முறிந்தால் கொடுங்காயம். ஒரு பல் உடைந்தாலும் கொடுங்காயந்தான். கடும் வலியால் இருபது நாள் அவதிப்பட்டால் கொடுங்காயம் என்று இருந்ததைப் புதிய சட்டம் பதினைந்து நாளாகக் குறைத்திருக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து கொள்ளையடித்தால் கூட்டுக்கொள்ளை. நாலு பேர் என்றால் வெறும் கொள்ளை. எங்கேயாவது கோடு போட்டுத்தானே ஆக வேண்டும் என்றால், வாஸ்தவம். ஆனால் இந்த ஐந்து என்ற எண் சிரிப்புக்கு இடமில்லாத ஓரிடத்திலும் வருகிறது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் கூடி, ஜாதி, இனம், மொழி போன்ற காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால், அதைப் புதிய சட்டத்தின் 103-வது பிரிவு தனியாக எடுத்துச் சொல்கிறது. நல்லது. ஆனால் ஜாதி விட்டு மணந்த பெண்ணைக் கொல்லத் தகப்பனும் அண்ணனும் போதும். ஐந்து பேர் வேண்டியதில்லை. அப்போது அது ஜாதிக்காக நடந்தது என்பது குற்றத்தின் பெயரில் இராது. சாதாரணக் கொலைகளோடு சேர்ந்துவிடும்.

இங்கே சட்டம் செய்யாததைத் தமிழ் செய்திருக்கிறது. இதைப் பத்திரிகைகள் முதலில் 'கௌரவக் கொலை' என்று எழுதின. கொன்றவன் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணத்தையே குற்றத்துக்குப் பெயராக வைத்துவிட்ட சொல் அது. அதைத் தள்ளிவிட்டு 'ஆணவக் கொலை' என்றார்கள். ஒரே ஒரு சொல்லை மாற்றியதில் வழக்கு முழுவதும் இடம் மாறிவிட்டது. கௌரவம் கூண்டிலிருந்து இறங்கியது, ஆணவம் ஏறியது. தனிச் சட்டம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இன்று அந்தச் சொல்லைத்தான் கையில் ஏந்தியிருக்கிறார்கள். பெயர் வைப்பது அலங்கார வேலை என்று நினைக்கிற எழுத்தாளர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

சட்டத்தைப் போல எழுதுங்கள் என்று நான் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. அதன் நடை கடுகடுப்பானது. 'கொலையாகாத மரணம் விளைவித்தல்' என்ற மாதிரித் தொடர்களை உரக்கப் படித்தால் பல் சுளுக்கிக்கொள்ளும். ஆனால் அந்தக் கரடுமுரடான தொடரில் ஒரு மரியாதை இருக்கிறது. ஓர் உயிர் போயிருக்கிறது, அதை மறக்கவில்லை. இன்னோர் உயிர் கூண்டில் நிற்கிறது, அதன் மனத்தில் என்ன இருந்தது என்று பார்க்காமல் பெயர் வைக்க மாட்டேன் என்ற மரியாதை. கதையில் ஒருவனைக் கொல்லப்போகும் ஆசிரியர், பேனாவைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்காவது பதில் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். இவன் என்ன நினைத்தான்? என்ன அறிந்திருந்தான்? எவ்வளவு காலமாக? மூன்றாவது கேள்விக்குச் சட்டம் இன்னும் சரியாகக் காது கொடுக்கவில்லை. முந்நூறு பக்கம் கையில் வைத்திருக்கிற நமக்கு அந்தச் சாக்குச் சொல்ல உரிமை கிடையாது.